மொட்டைக் கரையும் பச்சைக் குளமும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக் கோல்ஃப் மைதானங்களில் காணப்படும் குளங்களுள் பல, அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. கடல்மட்டத்துக்குச் சில அடிகளே மேலெழுந்த, சற்றுத் தோண்டினாலே நீர் ஊறுகிற அந்தத் தட்டை நிலத்தில், வீடுகளுக்கும் ஆட்டக்களத்துக்கும் மேடு கட்ட மண் தேவைப்பட்டது. மண் எடுத்த குழியில் நீர் நிறைந்தது. அதற்கு ஏரி என்று பெயர் சூட்டப்பட்டு, கரையை ஒட்டிய மனைகளுக்குக் கூடுதல் விலையும் வைக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைதானங்களுடன் அமெரிக்க மாநிலங்களுள் முதலிடம் வகிக்கும் ஃபுளோரிடாவில் இக்குழிகள் இன்று செய்துவரும் உண்மையான வேலை, கோடைக்காலத்து இடிமழை புல்வெளியிலிருந்தும் தார்ச்சாலையிலிருந்தும் கூரைகளிலிருந்தும் வழித்துக்கொண்டு வருவதையெல்லாம் ஆற்றுக்கோ கடற்கழிக்கோ நேரே போகவிடாமல் தடுத்துத் தேக்கி வைப்பதாகும். ஆகவே கோல்ஃப் குளத்தின் பராமரிப்பு என்பது, முதன்மையாக, ஒரு வடிகால் தொட்டியின் பராமரிப்பு. அதனை அலங்காரத் தடாகமாக எண்ணிக் கரையை வழித்து மொட்டையாக்கி வைக்கும் வழக்கமே நீரின் கேட்டுக்குப் பெரிதும் காரணம் என்பதைப் புல்வெளி அறிவியல் கடந்த சில பத்தாண்டுகளில் படிப்படியாக நிறுவியுள்ளது.

மண் எடுத்த குழி எவ்வாறு புகழ்பெற்ற காட்சியாக மாறுகிறது என்பதற்கு, வடகிழக்கு ஃபுளோரிடாவின் பான்டி வெட்ரா பீச்சில் 1980-இல் திறக்கப்பட்ட டிபிசி சாக்ராஸ் மைதானம் தக்க சான்று. சதுப்பு நிலத்தில் அதனை வடிவமைத்த பீட் டை, 17-ஆம் குழிக்கு அருகே ஒரு சிறு குளத்தை மட்டுமே முதலில் திட்டமிட்டிருந்தார். ஆனால் அவ்விடத்து மணல் தரமானதாக இருந்தமையால் மைதானம் முழுவதற்கும் அங்கிருந்தே மணல் அள்ளப்பட, இறுதியில் பெரும் பள்ளமே எஞ்சியது. பள்ளத்தில் நீரை நிரப்பி, பந்து சென்று சேரவேண்டிய வழவழப்பான புல்மேடையாகிய கிரீனைத் தீவாக விட்டுவிடலாம் என்று யோசனை கூறியவர், அவருடைய மனைவியும் வடிவமைப்பாளருமான ஆலிஸ் டை. ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பந்துகள் அந்நீரில் விழுவதாக மதிப்பிடப்படுகிறது. உள்நாட்டுக் குளங்களில் விழும் பந்துகளை முக்குளிப்போர் எடுத்துப் பழைய பந்துகளாக விற்றுவிடுவதால் அவ்வகைக் குப்பை ஓரளவு தானாகவே அகல்கிறது. கடலோரத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. கலிஃபோர்னியாவின் கார்மல் பகுதியில், பெபிள் பீச் உள்ளிட்ட மைதானங்களை ஒட்டிய கடலடியிலிருந்து அலெக்ஸ் வெபர் என்ற பள்ளி மாணவியும் உடனிருந்தோரும் இரண்டே ஆண்டுகளில் திரட்டிய பந்துகள் 50,681 என்று 2019-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை பதிவு செய்கிறது. பந்தின் மேலுறை நெகிழியால் ஆனது. உட்கருவில் துத்தநாகச் சேர்மங்கள் உண்டு. எனினும் குளத்து நீரைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரியும் பந்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத பாஸ்பரஸே பெரிய பகை.

பாஸ்பரஸ், நைட்ரஜன் போன்ற ஊட்டங்கள் நீர்நிலையில் அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்து, பாசி பெருகி, அப்பாசி மடிந்து அழுகும்போது நீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்து, மீன்கள் மிதக்கும் நிலைக்கு மிகையூட்டம் என்று பெயர். எந்த ஊட்டம் இந்நோயைத் தூண்டுகிறது என்ற நீண்ட வாதத்துக்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 226 என்ற எண்ணால் மட்டுமே அறியப்படும் ஒரு சிற்றேரியில் 1973-இல் விடை கிடைத்தது. டேவிட் ஷிண்ட்லர் தலைமையிலான குழுவினர், இடை குறுகிய அந்த ஏரியின் குறுக்கே ஒரு திரையை இறக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கார்பனையும் நைட்ரஜனையும், மறுபாதியில் அவற்றுடன் பாஸ்பரஸையும் சேர்த்தனர். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி பச்சைப் பசேலென்று மாற, மற்றப் பாதி கருநீலமாகவே நின்றது. வானிலிருந்து எடுக்கப்பட்ட அந்த ஒரு புகைப்படம் சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கே வலுச் சேர்த்தது. கடற்கழிகளில் நைட்ரஜனும் அதே அளவுக்கு முக்கியமாகிறது. நன்னீர்க் குளத்தில் மட்டும் கணக்கு பெரும்பாலும் பாஸ்பரஸில்தான் தொடங்குகிறது. ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு கண்ட விகிதப்படி, நீரில் மிதக்கும் நுண்பாசி ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவுக்கும் 16 நைட்ரஜன் அணுக்களையும் 106 கார்பன் அணுக்களையும் திரட்டிக்கொள்கிறது. அதாவது ஒரு பிடி பாஸ்பரஸ் ஒரு வண்டிப் பாசியாக விளையும். மத்திய ஃபுளோரிடா பாஸ்பேட் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற பகுதி என்பதையும், அப்பகுதி மண்ணில் பல இடங்களில் பாஸ்பரஸ் இயற்கையாகவே மிகுந்திருப்பதையும் நினைத்துப் பார்த்தால், மண் பரிசோதனை செய்யாமல் உர மூட்டையைப் பிரிப்பது எத்தனை வீண் செலவு என்பது விளங்கும்.

சராசரியான 18 குழி மைதானம் ஏறத்தாழ 150 ஏக்கர் பரப்புடையது. அதில் 100 ஏக்கர் அளவுக்கு வெட்டியும் உரமிட்டும் பேணப்படும் புல். கிரீன் எனப்படும் மேடையில் புல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு மழிக்கப்படுகிறது. பந்து பயணிக்கும் நீண்ட புல்வெளியாகிய ஃபேர்வேயில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கும், அதன் ஓரத்து ரஃப் பகுதியில் சற்று அதிகமாகவும் புல் வளரவிடப்படுகிறது. தென்மாநில மைதானங்களில் பெரும்பாலும் காணப்படும் பெர்முடா புல் தமிழர் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லேயன்றி வேறன்று. ஜார்ஜியாவின் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் கிளென் பர்ட்டன் அதனை ஆப்பிரிக்க இனம் ஒன்றுடன் கலந்து உருவாக்கிய கலப்பினங்களே இன்று களங்களை நிறைக்கின்றன. நன்கு வேரூன்றிய அருகம்புல் தரை, மண்ணரிப்பைத் தடுப்பதிலும் உரத்தை உறிஞ்சுவதிலும் சிறந்த வடிகட்டி என்பதால், முறையாகப் பேணப்படும் புல்வெளி தன்னளவில் குற்றவாளி அன்று. உரமிட்ட இரண்டாம் நாள் கொட்டும் மழை, சரிவு, நீருக்கும் புல்லுக்கும் நடுவே இடைவெளியே இல்லாத கரை ஆகிய மூன்றும் கூடும்போதுதான் கேடு விளைகிறது. டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் மோரிஸ் வில்லியம்ஸ் நகராட்சி மைதானத்தின் ஊடே ஓடும் நீரை ஐந்தாண்டுகள் அளந்த ஆய்வில், மைதானத்துக்குள் நுழையும் நீரைவிட வெளியேறும் நீரில் நைட்ரேட்டும் கரைந்த பாஸ்பரஸும் கூடியிருந்தன. நைட்ரேட் அளவு பெரிதும் அஞ்சத்தக்கதாக இல்லை, பாஸ்பரஸோ பாசியை வளர்க்கப் போதுமான அளவில் இருந்தது.

இதனால் பராமரிப்பு நெறிகள் அனைத்தும் கரையோரத்துக் கடைசிச் சில அடிகளிலேயே குவிகின்றன. மாநிலச் சுற்றுச்சூழல் துறை, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் துணையுடன் 2007-இல் வெளியிட்ட கோல்ஃப் மைதானங்களுக்கான சிறந்த மேலாண்மை நடைமுறைக் கையேடு இவ்விடத்தை மிக விரிவாக எடுத்துக்கொள்கிறது. நீரை ஒட்டி உரமும் பூச்சிமருந்தும் அறவே படாத ஒரு பட்டை. அதற்கு மேலே உயரமாக வளரவிடப்பட்டு, எப்போதேனும் வெட்டப்படும் புல்லாலான இன்னொரு பட்டை. அதற்கும் மேலேதான் வழக்கமான புல்வெளி என்று படிப்படியாக அமைந்த கரையை அது வேண்டுகிறது. நீரை நோக்கிச் செல்லச்செல்லப் புல்லின் உயரத்தைப் படிக்கட்டுப்போல் கூட்டிக்கொண்டு போனால் வழிந்தோடும் நீரும் அதனுடன் செல்லும் ஊட்டமும் குறைகின்றன என்பதை ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அருகம்புல் வயல்களில் செயற்கை மழை பெய்வித்துக் காட்டியுள்ளனர். இதற்கு எந்த இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை. இருக்கும் இயந்திரத்தை ஓட்டாமல் இருந்தால் போதும்.

நீருக்குள் இறங்கும் சரிவும் மெதுவானதாக இருத்தல் வேண்டும். செங்குத்தாக வெட்டப்பட்ட கரையில் செடி நிற்காது. மண் சரிந்து ஆண்டுதோறும் குளம் அகலும், ஆழம் குறையும். கரையோரத்தில் ஆழங்குறைந்த திட்டு ஒன்று அமைத்து, அதில் கோரை வகைகளையும், நீல மலர்க் கதிர் விடும் பிக்கரல் செடியையும், அம்புநுனி போன்ற இலையுடைய வாத்து உருளைச் செடியையும் நட்டால், அவை அலையின் வேகத்தைத் தணித்து, ஊட்டத்தைப் பாசிக்கு முன்னரே தாம் உண்டு, கொசுப்புழுவைத் தின்னும் சிறுமீனுக்கும் தும்பிக்கும் இருப்பிடமாகின்றன. சம்பு எனப்படும் கட்டைக்கோரை மட்டும் இடங்கொடுத்தால் கரை முழுவதையும் தன்னதாக்கிக்கொள்ளும். ஆகாயத்தாமரையோ அமெரிக்காவுக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான தொல்லை. ஆகவே செடி வளர்ந்த கரை கவனிப்பாரற்ற கரை அன்று. எதை விடுவது, எதைக் களைவது என்று ஆண்டு முழுவதும் ஆள் இறங்கிப் பார்க்கவேண்டிய கரை.

உரமிடும் வண்டியின் பின்னால் சில நிமிடங்கள் நடந்து பார்த்தால் நெறிக்கும் நடைமுறைக்கும் உள்ள தொலைவு தெரியும். சுழலும் தட்டு குறுணைகளை இருபுறமும் பல அடி தூரம் விசிறுகிறது. கரையை ஒட்டிச் செல்லும் சுற்றில் நீர்ப்பக்கத்துத் தகட்டை இறக்கி மூடாவிட்டால், ஒவ்வொரு நடைக்கும் ஒரு வரிசைக் குறுணை குளத்தில் நேரே விழுகிறது. மண்ணில் கரைந்து, வேரில் தங்கி, எஞ்சியது வழியும் என்ற சுற்றுவழியே அதற்கு இல்லை. புல்வெட்டும் இயந்திரத்திலும் இதே நுணுக்கம் உண்டு. வெட்டுப்புல்லின் உலர் எடையில் நைட்ரஜன் மட்டும் 3 முதல் 5 விழுக்காடு வரை, பாஸ்பரஸ் ஏறத்தாழ அரை விழுக்காடு. தரையில் உதிர்ந்தால் இலவச உரமாகும் அப்பொருள் நீரில் உதிர்ந்தால் பாசிக்குத் தீனியாகிவிடும். எனவே கரையோரச் சுற்றில் புல் வெளியேறும் வாய் நிலப்பக்கம் இருக்குமாறு வண்டியின் திசையைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஓட்டுநருக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடங்களுள் ஒன்று. மாலையில் வண்டிகளைக் கழுவும் இடமும் கவனத்துக்குரியது; கழுவுநீரைப் புல்துகளுடன் சாக்கடை வழியாகக் குளத்துக்கே அனுப்பிவிட்டால், பகலெல்லாம் கரையில் காட்டிய கட்டுப்பாடு மாலையில் வீணாகும்.

மண்ணுக்குள் நடப்பதும் கரையில்தான் வெளிப்படுகிறது. கிரீன்களின் அடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மணற்படுகையும், அதன்கீழ் சரளையும், வடிகுழாயும் இருப்பதால் மேலே இட்ட நைட்ரஜனில் ஒரு பங்கு குழாய் வழியே இறங்கிவிடுகிறது. பழைய மைதானங்கள் பலவற்றில் அக்குழாய்கள் குளத்தில் நேரே வாய் திறந்திருக்கும். அவற்றைப் புல் வளர்ந்த ஆழமற்ற ஓடை ஒன்றில் திறந்துவிட்டு, நீர் ஊர்ந்து சென்று குளத்தில் சேருமாறு செய்வதே இன்றைய முறை. மெல்லக் கரையும் மேலுறை பூசிய யூரியாவை இடுவது, மழைக்கு முன்னறிவிப்பு இருக்கும் நாளில் மூட்டையைத் தொடாதிருப்பது, காற்று வீசும்போது மருந்து தெளிக்காதிருப்பது ஆகியவை எளிய விதிகளே. சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைப் பாசனத்துக்குப் பயன்படுத்தும் மைதானங்களில் ஒரு கூடுதல் கணக்கும் வேண்டும்: அந்நீரே நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் சுமந்து வருவதால், அந்த அளவை உரக்கணக்கிலிருந்து கழிக்காவிட்டால் புல்லுக்கு இருமுறை உணவிட்டதாகும்.

கரையை விட்டுவிட்டு நீருக்கே மருத்துவம் பார்க்க முனைவோர் நாடும் பொருள்களுள் மிகப் பழையது மயில்துத்தம். செப்புச் சேர்மமாகிய அது பாசியை ஓரிரு நாளில் கொன்றுவிடும்; ஆனால் செம்பு அழிவதில்லை, அடிச்சேற்றில் தங்கி நத்தைகளையும் பிற அடிவாழ் உயிர்களையும் தாக்குகிறது. இறந்த பாசி முழுவதும் ஒரே சமயத்தில் அழுகினால் ஆக்சிஜன் தீர்ந்து மீன் மடியும் என்பதால்தான், குளத்தில் பாதிக்கு மிகாத பகுதிக்கு மட்டும் இட்டு, இரண்டு வாரம் அளவுக்குப் பொறுத்து மறுபகுதிக்கு இடவேண்டும் என்று அதன் உறைச்சீட்டே எச்சரிக்கிறது. 30 பாகை செல்சியஸில் நீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 7.6 மில்லிகிராம் ஆக்சிஜனையே கரைத்து வைத்திருக்க முடியும். பாசி மண்டிய குளத்தில் பொழுது விடியும் நேரத்தில் அது 2-க்கும் கீழே இறங்கிவிடும். கோடைக்காலத்தில் மீன்கள் விடியற்காலையில் மிதப்பதன் காரணம் இதுவே. பெரும்பாலும் பழி விழுவது பூச்சிமருந்தின்மேல். நடுக்குளத்தில் உயரப் பீய்ச்சும் நீரூற்று விலைப்பட்டியலில் காற்றூட்டும் கருவியாக இடம்பெற்றாலும், ஆழமான குளத்தில் அது மேல்நீரையே சுழற்றிக்கொண்டிருக்கும். அடியில் குழாய் பதித்துச் சிறு குமிழ்களாகக் காற்றை விடும் முறை, பார்க்க ஒன்றுமில்லாதது எனினும், அடிநீரை மேலே கொணர்வதால் பயனுடையது. நீல நிறமி கலப்பது ஒளியைத் தடுத்துப் பாசியைச் சற்று அடக்கும், ஊட்டத்தைக் குறைக்காது. படிகாரம் பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு அடியில் படியச் செய்யும் என்பதால் அது ஓரளவு உண்மையான மருந்து. நீர்க்களைக்குப் புல் கெண்டை மீன்களை விடுவதும் உண்டு. அவை பெருகி ஆறுகளுக்குப் பரவிவிடாதிருக்க, மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட மலட்டு மீன்களை மட்டுமே, அதுவும் உரிமம் பெற்றே, விட ஃபுளோரிடா அனுமதிக்கிறது.

மொட்டைக் கரைக்குப் பறவைகளுடன் ஒரு கொடிய தொடர்பும் இருந்தது. பெருவாத்து இனங்கள் குட்டைப்புல்லை மேய்பவை. பகை விலங்கு வருவதைத் தொலைவிலேயே காணவும், ஆபத்து வந்தால் நீரில் பாயவும் வசதியாக, நீர்வரை மழிக்கப்பட்ட கரையையே அவை விரும்பித் தேர்கின்றன. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1984-இல், டயசினான் என்ற பூச்சிமருந்து இடப்பட்ட மைதானம் ஒன்றில் மேய்ந்த பிராண்ட் என்னும் கடல்வாத்துகள் ஏறத்தாழ 700 மாண்டன. குளிர்காலத்துக்கு அங்கு வந்து தங்கியிருந்த கூட்டமே ஏறத்தாழ 2,500. இதுபோன்ற பறவைச் சாவுகளின் அடிப்படையில், கோல்ஃப் மைதானங்களிலும் புல்பண்ணைகளிலும் அம்மருந்தைப் பயன்படுத்துவதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988-இல் தடை செய்தது. வாத்துத் தொல்லையைக் குறைக்க நாயை ஏவுவதும் வேட்டு வெடிப்பதும் வழக்கமாயிருக்க, கரையில் இடுப்புயரப் புல்லை வளரவிட்டாலே அவை இறங்கத் தயங்கும். எச்சத்தால் குளத்தில் சேரும் பாஸ்பரஸும் அத்துடன் குறையும்.

இத்தனையும் தெரிந்திருந்தும் கரைகள் மழிக்கப்படுவதற்குக் காரணம் அறியாமையன்று, ரசனை. ஜார்ஜியாவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தில் 1934 முதல் நடந்துவரும் மாஸ்டர்ஸ் போட்டி, வண்ணத் தொலைக்காட்சி வழியாக வீடுதோறும் சென்ற பின்னர், ஒரு களைகூட இல்லாத பச்சையும் கண்ணாடி போன்ற நீரும் எல்லா ஊர் உறுப்பினர்களுக்கும் அளவுகோலாகிவிட்டன; பராமரிப்புத் துறையினர் இதனை அகஸ்டா நோய் என்றே கேலியாகக் குறிப்பிடுகின்றனர். மைதானக் கண்காணிப்பாளரின் வேலை உறுப்பினர்களின் மனநிறைவைச் சார்ந்தது. செடி வளர்ந்த கரை அவருடைய சோம்பலாகவும், பந்து தொலைந்த எரிச்சல் அவர் மீதான புகாராகவும் மாறிவிடக்கூடும். அவருக்கு ஆட்ட விதிகள் ஓரளவு துணை நிற்கின்றன. 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, சூழல் முக்கியத்துவமுள்ள இடத்தை ஆட்டக்குழு ஆடுதடைப் பகுதியாக அறிவித்து, தலையில் பச்சை வண்ணம் பூசிய கம்பங்களை நடலாம். அதற்குள் விழுந்த பந்தை அங்கிருந்து அடிக்க ஆட்டக்காரருக்கு உரிமை இல்லை, வெளியே வேறிடத்தில் வைத்தே ஆடவேண்டும்.

ரசனையை மாற்ற முடியும் என்பதற்கு ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரத்து ஓல்டு காலியர் கோல்ஃப் கிளப் ஓர் எடுத்துக்காட்டு. 2001-இல் திறக்கப்பட்ட அம்மைதானம், உப்பைத் தாங்கும் பாஸ்பாலம் என்னும் கடற்கரைப் புல்லை விரித்து, கோகோஹாட்சி ஆற்றின் உவர்நீரையே பாய்ச்சி, குடிநீருக்கான நன்னீரைத் தொடாமல் இயங்குகிறது. ஆடுபான் இன்டர்நேஷனல் என்னும் அமைப்பின் தங்கநிலைச் சான்றிதழ் உலகிலேயே முதலில் கிடைத்ததும் அதற்குத்தான். ஆனால் அது செல்வம் மிகுந்தோரின் தனிக்கழகம் என்பதையும், இத்தகைய சான்றிதழ்கள் மைதானங்கள் தாமே விரும்பிக் கட்டணம் செலுத்திச் சேரும் திட்டங்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. ஃபுளோரிடாவின் பல மாவட்டங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீட்டுப் புல்வெளிகளுக்கு உரமிடுவதைத் தடை செய்துள்ளன. மேலாண்மை நடைமுறைகளைப் பின்பற்றும் கோல்ஃப் மைதானங்களுக்கோ அத்தடையிலிருந்து பொதுவாக விலக்கு உண்டு. பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பில் இருக்கிறார் என்பது அவ்விலக்குக்கான வாதம். அது நியாயமானதே, அவர் கையேட்டின்படி நடக்கிறாரா என்று யாரேனும் குளத்து நீரை அளந்து பார்க்கும் வரையில். 2016-இல் செயின்ட் லூசி கழிமுகத்தில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து மாநில அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது, அக்கழிமுகத்துக்கு நீர் திறந்துவிடப்பட்ட ஒக்கிசோபி ஏரிக்கு வந்து சேர்ந்த ஊட்டத்தில் பெரும்பங்கு வேளாண் நிலங்களிலிருந்து வந்ததேயன்றிக் கோல்ஃபிலிருந்து வந்ததன்று. ஆயினும் நூற்றுக்கணக்கான பண்ணையாளர்களையும் ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்களையும் இணங்கவைப்பதைவிட, ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள 150 ஏக்கரில் ஒரு கரையை மாற்றியமைப்பது எளிது.

அமெரிக்காவில் 2006-க்குப் பின் நெடுங்காலம், ஆண்டுதோறும் புதிதாகத் திறக்கப்பட்ட மைதானங்களைவிட மூடப்பட்டவையே அதிகமாக இருந்தன. ஆட்டம் நின்றாலும் குளத்தின் வடிகால் வேலை நிற்பதில்லை. சுற்றியுள்ள வீடுகளின் மழைநீர் அங்குதான் வந்து சேரும், பராமரிப்புச் செலவு பெரும்பாலும் குடியிருப்போர் சங்கத்தின் தலையில் வந்து விழும். பல பத்தாண்டுகளாக அடிச்சேற்றில் சேர்ந்த பாஸ்பரஸ், ஆக்சிஜன் குறையும் ஒவ்வொரு கோடையிலும் மீண்டும் நீருக்குள் கசிவதால், உரமிடுவது நின்ற பின்னரும் பாசி ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடும். தூர்வாருவதா, படிகாரம் இடுவதா, அதற்கு யார் பணம் தருவது என்பதையெல்லாம் ஏரிக்கரை மனை என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவோர் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்னரே கேட்டறிந்துகொள்வது அவர்களுக்கு நல்லது.